தாமிரபரணிக் கரையில் வெளுத்த மரங்கள்: அது கிராஃபிக்ஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தாமிரபரணிப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கரையோர மருத மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்க, ஆறு கறுத்து, வானம் அதைவிடக் கறுத்து இருந்ததே, அந்தப் படம். 'வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவில் எடுத்தது' என்று கீழே போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே வாசகர் ஒருவர், இது கணினியில் செய்த கிராஃபிக்ஸ், இதையெல்லாம் புகைப்படம் என்று அச்சிடலாமா என்று கேட்டிருந்தார். இரண்டுமே சரியில்லை. இந்த வகைப் படங்களைப் பல வருடங்களாக நம் பக்கத்தில் எடுத்து வருகிறவன் நான், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் வெப்ப விஷயம். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், அங்கேயும் சூடு ஏறியது. அகச்சிவப்பு கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான், அதனால்தான் அகச்சிவப்பு என்றாலே வெப்பம் என்று இன்றைக்கும் நினைக்கிறோம். ஆனால் நம் கண் சுமார் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை பார்க்கிறது, கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் ஏறக்குறைய 1000 வரை உணரும். நீங்கள் போட்ட மாதிரியான படங்கள் இந்த இடைவெளியில் எடுப்பவை. இலைமேல் பட்டுத் திரும்பும் வெயில்தான் அதில் பதிவாகிறது, இலையின் சூடு அல்ல. உடல் சூட்டைக் காட்டும் கேமராக்கள் 8,000 நானோமீட்டருக்கு மேலே வேலை செய்கிறவை, அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடி லென்ஸைத் தாண்டி உள்ளேயே வராது. சந்தேகமிருப்பவர்கள் டிவி ரிமோட்டின் முனையை செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் பல போன்களின் திரையில் விட்டுவிட்டு மினுங்கும். அதுவும் இதே இடைவெளியில் உள்ள ஒளிதான்.

அப்புறம் கிராஃபிக்ஸ். ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படி வெளுத்த மரங்களின் படங்களை 1910இலேயே வெளியிட்டுவிட்டார். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் 700ஐத் தாண்டிய ஒளியை விட்டுவிடும். அது இலைக்குள் போய் செல் சுவர்களிலும் இடையில் உள்ள காற்றறைகளிலும் பட்டுச் சிதறி, கிட்டத்தட்ட பாதி வெளியே திரும்பிவிடுகிறது. மரம் வெளுப்பது அதனால்தான். தண்ணீர் இந்த ஒளியை விழுங்கிவிடும், தெளிந்த வானத்திலும் இது அதிகம் சிதறாது, ஆகவே இரண்டும் கறுப்பு. 1988 மார்ச்சில் விண்ணுக்குப் போன நம் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளிலும் இந்த ஒளிக்கென்று தனி அலைவரிசை இருந்தது. மேலேயிருந்து பயிர்ப் பரப்பைப் பார்க்க உதவியது அதுதான். அதை யாரும் கிராஃபிக்ஸ் என்று சொல்லவில்லையே.

நான் எடுப்பது லைக்கா எம்8 என்ற பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தூரம் வைக்கும் கேமராவில். 2006இல் வந்தது. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் சென்சாருக்கு மிக நெருக்கத்தில் இருப்பதால் ஓரங்களில் ஒளி சரிந்து விழும், சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியைத் தடிப்பாக வைத்தால் ஓரம் கெட்டுவிடும் என்று அரை மில்லிமீட்டர்க் கண்ணாடிதான் வைத்தார்கள். அதனால் அகச்சிவப்பு தாராளமாக உள்ளே வந்தது, செயற்கை இழையில் நெய்த கறுப்புத் துணியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தது. கார்த்திகை மார்கழியில் குற்றாலத்தில் மாலை போட்ட சாமிமார் கூட்டத்தை இந்தக் கேமராவில் எடுத்துப் பாருங்கள், ஒருவர் வேட்டி கறுப்பாகவும் பக்கத்தில் நிற்பவர் சட்டை கத்தரியாகவும் இருக்கும். அப்போது பெரிய புகார் ஆகி, வாங்கினவர்களுக்கெல்லாம் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இரண்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் குறைதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கொடை.

நாங்கள் போடுவது அதற்கு நேர் எதிரான ஃபில்டர், ஹோயா ஆர்72. 720 நானோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய எல்லாவற்றையும் மறித்துவிடும், பார்க்க வெறும் கறுப்புக் கண்ணாடி. திருப்புடைமருதூர்ப் படித்துறையில் குளிக்க வந்த ஒருவர், "அண்ணாச்சி, மூடியக் கழத்தலியே" என்று அக்கறையாகச் சொன்னார். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் இதைப் போட்டால் வ்யூஃபைண்டரில் இருட்டுதான். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்கிற ஜன்னல் தனி, லென்ஸ் தனி, ஆகவே ஆறும் ஆட்களும் பளிச்சென்று தெரிய, படத்தின் சட்டத்தை அமைத்து நிதானமாக எடுக்கலாம். ஒன்று கவனிக்க வேண்டும், அகச்சிவப்பு ஃபோகஸ் ஆகும் இடம் சற்றுத் தள்ளி விழும். ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம் வைத்த பிறகு, அந்தத் தூரத்தைப் பழைய லென்ஸ்களில் உள்ள சிவப்பு 'ஆர்' குறிக்கு நகர்த்த வேண்டும். அகன்ற கோண லென்ஸில் ஒளித் துளையைச் சுருக்கி எஃப்8 வைத்தால் பெரும்பாலும் அதுவே சரியாகிவிடும்.

மற்ற பல டிஜிட்டல் கேமராக்களிலும் இந்த ஃபில்டரைப் போட்டு எடுக்கலாம்தான், ஆனால் உள்ளே தடுப்புக் கண்ணாடி பலமாக இருப்பதால் பல விநாடிகள் திறந்து வைக்க வேண்டியிருக்கும், டிரைபாட் இல்லாமல் முடியாது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் தென்னை ஓலை எந்த விநாடி அசையாமல் நிற்கும்? எம்8இல் உச்சி வெயிலில் கையில் பிடித்தே எடுத்துவிடலாம், ஓலை ஓலையாகத் தெரியும். மற்றவர்கள் கேமராவை உள்ளே வைக்கிற நேரம்தான் இதற்கு நல்ல நேரம். என்னைக் கேட்டால் மார்கழி, தை. மழை ஓய்ந்து, பிசானப் பயிர் தூர் கட்டி நிற்கும்போது சேரன்மகாதேவிப் பக்கம் வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். கண்ணுக்குப் புகைமூட்டமாய்த் தெரிகிற பொதிகை, படத்தில் மடிப்பு மடிப்பாகத் தெளிந்து வரும். மெல்லிய மூட்டத்தை இந்த ஒளி ஊடுருவும். சாரல் மேகத்தை ஊடுருவாது, அதில் நீர்த்துளி பெரிது.

இந்தப் படங்களில் சிவப்பையும் நீலத்தையும் கணினியில் இடம் மாற்றி வானத்தை நீலமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, கறுப்பு வெள்ளையே போதும். அப்படி மாற்றிய படம் வந்தால் மாற்றியது என்று தாராளமாகப் போடுங்கள். மாற்றாததற்கு 'அகச்சிவப்பு, 720 ஃபில்டர்' என்று ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். உங்களுக்கே சந்தேகம் வந்தால் எடுத்தவரிடம் கேமராவின் மூலக் கோப்பைக் கேளுங்கள். திறந்தவுடன் படம் முழுக்கச் செக்கச் செவேலென்று இருக்கும். கறுப்பு வெள்ளை ஆக்குவதற்கு முன்னால் அது அப்படித்தான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அம்பாசமுத்திரம்