தாராசுரம் ஸ்டேஷன் பயணிகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதைத் தொடவில்லை. கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன, அடைமழையில் ஒன்று மட்டும் விட்டுப்போனது. இந்த வருஷம் நாம் அதிகம் அலைந்தது நம் ஸ்டேஷனின் பழைய கதையைச் சேகரிக்கத்தான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக மாயவரத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்தது 1877-ல். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் நம் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்றிருந்த காலம் அது. 1920களின் கடைசியில் விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை வந்து தூரத்தைக் குறைத்ததும் பெரிய வண்டிகள் பலவும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஆனாலும் மெயின் லைன் என்றால் இன்றைக்கும் நம்முடையதுதான், எனக்கு அதில் பெருமை உண்டு. அப்புறம் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது, மின்சாரமும் வந்தது, தஞ்சாவூர் முதல் விழுப்புரம் வரை இரட்டைப் பாதை மட்டும் இன்னும் வரவில்லை.

தறி வைத்திருந்த பெரியவர் ஒருவர் கரி இன்ஜின் நாட்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். சின்ன வயதில் அப்பாவோடு பட்டுச்சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சரில் போவாராம், ஜன்னல் வழியாகக் கரித்தூள் பறந்து வரும் என்று அப்பா தன் மேல்துண்டை எடுத்து மூட்டையைப் போர்த்திவிடுவாராம், பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வருவானாம். இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டோம்.

இப்போது முக்கியமான விஷயம். மாயவரத்திலிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926-ல் வந்த ரயில் 1986-ல் நின்றது, நின்றதுதான். நீடாமங்கலம் – மன்னார்குடி பாதை 1976-ல் மூடப்பட்டு, திரும்ப வண்டி வர 2011 ஆனது, 35 வருஷம்! நம் ஸ்டேஷனுக்கு அந்தக் கதி வரக்கூடாது. சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்பதா வேண்டாமா என்பதை டிக்கெட் விற்பனையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாக இருந்தபோது பஸ்ஸுக்கு மாறினவர்கள் நிறைய, சரி, அதைக் குறை சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியிலேயே பழைய 10 ரூபாய்க்கு வந்துவிட்டது, ஆகவே திரும்பி வாருங்கள். இங்கே ஏறுகிறவர்கள் இங்கிருந்தே டிக்கெட் எடுங்கள், சீசனையும் கும்பகோணத்திலிருந்து போடாமல் தாராசுரத்திலிருந்தே போடுங்கள். கணக்கில் நம் ஊர்ப் பெயர் ஏற வேண்டும்.

இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் வெளியூர்க்காரர்கள் கும்பகோணத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கிறார்கள். பிளாட்பாரத்தில் கோயிலுக்கு வழி சொல்லும் பலகை ஒன்று வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். 2028-ல் மகாமகம் வருகிறது, கும்பகோணம் ஸ்டேஷன் ஒன்றே அந்தக் கூட்டத்தைத் தாங்காது. இங்கே கூடுதல் வண்டிகள் நிற்க வேண்டும் என்று இப்போதிருந்தே கேட்போம், அதற்கான கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

பழைய அட்டை டிக்கெட், மீட்டர் கேஜ் காலத்துப் போட்டோ ஏதாவது வீட்டுப் பரணில் இருந்தால் சொல்லியனுப்புங்கள். நாங்களே வந்து படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.