எட்டாவது கோரிக்கையை அடிக்கவா?

கல்லூரி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி எழுதுவது.

முதலில் கடை விஷயம். நிர்வாகத்திடம் வைக்கும் எட்டுக் கோரிக்கை என்று திங்கட்கிழமை நீங்கள் கொண்டுவந்த நோட்டீஸை டைப் செய்து வைத்திருக்கிறேன். ஐந்நூறு பிரதிக்கு ஒரு ரீம் பேப்பரும் எடுத்து வைத்தாயிற்று. செவ்வாய் மதியம் ஒரு தம்பி போன் செய்து, "அண்ணாச்சி, எட்டாவதை அடிச்சிருங்க" என்றான். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் குழப்பம். எங்கள் தொழிலில் அடிப்பது என்றால் அச்சடிப்பது. அவன் சொன்னது கோடு போட்டு அடிக்கவா? திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு தங்கச்சி வந்து, "எட்டாவது இல்லேன்னா எங்க கையெழுத்தே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் என் கடைத் திண்ணையிலேயே நீங்கள் மூன்று கட்சி ஆனதைத்தான் பார்த்தேனே. நோட்டீஸ் தலைப்பிலேயே சோசலிசம் என்று போட வேண்டும் என்றது ஒரு கட்சி. ஹால் டிக்கெட்டைக் கொடு, கழிப்பறையில் தண்ணீர் விடு, ஆறு மணிக்கு ஒரு பஸ் விடு என்பதெல்லாம் வெறும் சீர்திருத்தம், அதற்குப் போய் இந்தப் பெயரா என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சிக்கு அந்த வார்த்தையே வேண்டாம். வீட்டில் பயப்படுவார்கள், எட்டாவதையும் எடுத்துவிட்டால் மற்ற ஏழு கோரிக்கையையும் நிர்வாகம் பேசித் தீர்க்கும் என்றார்கள். இரண்டு மணி நேரம். ஸ்கேன் எடுக்க வந்த பென்ஷன்தாரர் ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1989 முதல், தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்கிற எந்தக் கட்சியும் சோசலிசக் கொள்கைக்குக் கட்டுப்படுகிறோம் என்று தன் அமைப்பு விதியில் எழுதிக்கொடுத்தாக வேண்டும். நம் தெருவில் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சியும் எழுதிக்கொடுத்த கட்சிதான். அரசியல் சட்ட முகப்புரையிலும் 'சமதர்ம' என்ற சொல் இருக்கிறது. அது உள்ளே வந்தது 1976-ல், 42-வது திருத்தத்தில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது. எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குள் இருந்த வருஷத்தில் அந்தச் சொல் சட்டத்துக்குள் வந்தது. இந்தச் சொல்லைப் பார்த்து உங்கள் வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம். சொல் இருந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நீங்களும் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தால் அதுதான் சோசலிசம் என்று ஒரு தம்பி அடித்துப் பேசினான். 1848 கம்யூனிஸ்ட் அறிக்கையில் மார்க்சும் எங்கெல்சும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி கேட்டார்கள், வாஸ்தவம். ஆனால் 1875-ல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தைப் படித்துவிட்டு அதே மார்க்ஸ் வேறு ஒன்றும் சொன்னார். மேல்படிப்பும் இலவசமாக இருக்கிற இடத்தில் நடப்பது என்ன? மேல்தட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லோருடைய வரிப் பணத்திலிருந்தும் போகிறது, அவ்வளவுதான் என்றார். எங்கெல்ஸ் இன்னும் குசும்பு. அரசாங்கம் புகையிலைத் தொழிலை எடுத்துக்கொள்வதே சோசலிசம் என்றால், நெப்போலியனையும் ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக்கையும் அதன் ஸ்தாபகர்களில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று எழுதினார்.

புகையிலை என்றதும் எனக்கு, பீடி சுற்றுகிற நம் பக்கத்து ஊர் முக்கூடல் ஞாபகம்தான் வருகிறது.

தொண்ணூறுகளில் நானும் இந்த ஊரில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன். என் அறையில் முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். லீவுக்கு அவன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மடியில் முறம், முறத்தில் ஊறவைத்து வெட்டிய இலை, ஒரு ஓரமாகத் தூள், விரலில் நூல். நம்மோடு பேசிக்கொண்டே சுற்றுவார், கண் இலைக்குப் போகாது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கழிவு என்று ஒரு பிடியை ஒதுக்கிவிடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. 1976 சட்டப்படி பீடி மேல் போட்ட தீர்வையிலிருந்து உண்டான நல நிதியில் வந்த பணம் அது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையையே எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில், அவன் அம்மா மாதிரிப் பெண்கள் சுற்றிய பீடிதான் அவன் படிப்புக்கும் பணம் கொடுத்தது.

அந்த வருஷம் உதவித்தொகை பிந்திவிட்டது. பணம் கட்டாமல் பரீட்சை எழுத விட மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வகுப்புப் புறக்கணிப்புக்குத் தயாரானோம். நோட்டீஸும் எழுதினோம். மாணவர் போராட்டம் வர்க்கப் போராட்டமா என்று மூன்று ராத்திரி விடுதி மொட்டை மாடியில் விவாதம். நானும்தான் பேசினேன், கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். நாலாம் நாள் காலையில் கீழே இறங்கி வந்தால் கட்டணம் கட்டக் கடைசித் தேதி முடிந்திருந்தது. அவன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தான். திரும்பி வரவில்லை.

அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

உங்கள் எட்டாவது கோரிக்கையை இங்கே அப்படியே போடுகிறேன், ஊர் பார்க்கட்டும்: "விடுதி உணவுக் கணக்கையும், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பட்டியலையும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த குழு மாதாமாதம் பார்வையிட அனுமதிக்க வேண்டும்." மற்ற ஏழு கோரிக்கையைப் பற்றிப் பேசலாம், எட்டாவது நிர்வாகத்தில் தலையிடுவது என்று உள்ளே இருந்து யாரோ சொன்னார்களாம். நிர்வாகத்துக்குப் புரிந்தது உங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லையே! மற்ற ஏழும் கொடு என்று கேட்கிறவை. மனது வைத்தால் இந்த மாதம் கொடுப்பார்கள், அடுத்த ஜூனில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எட்டாவது மட்டும்தான் காட்டு என்று கேட்கிறது.

எங்கள் காலத்தில் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்ட நாள் கணக்கால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். முறை வைத்து இரண்டு பேர் விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையல் மாஸ்டரோடு பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்க வேண்டும். கத்திரிக்காய் விலை ஒட்டின அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் சண்டை நடக்கும். திருட்டும் உண்டு, மறைக்கவில்லை. மெஸ் செயலாளர் ஒருவர் எண்ணெய் டின்னில் கைவைத்து மாட்டினார். மாட்டினார் என்பதைக் கவனியுங்கள், கணக்கு சுவரில் ஒட்டியிருந்ததால் மாட்டினார். இப்போது உங்களுக்கு கான்ட்ராக்ட் சாப்பாடு. சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்க ஆளும் இல்லை, பார்க்கக் கணக்கும் இல்லை.

உங்கள் கழிப்பறையைக் கழுவுகிற அக்காமார் என் கடையில்தான் ஆதார் ஜெராக்ஸ் எடுப்பார்கள். அவர்களில் ஒருவர், கையெழுத்துப் போட்ட தொகை ஒன்று, கைக்கு வருவது ஒன்று என்று ஒரு நாள் சொன்னார். அது எவ்வளவு தூரம் உண்மை என்பது பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. அதற்குத்தான் அந்த வரி.

சீர்திருத்தமா சோசலிசமா என்ற உங்கள் சண்டைக்கு வருகிறேன். வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி பங்கு போட்டு நடத்திய கம்பெனி. ஒரு பங்கு 25 ரூபாய், மூலதனம் 10 லட்சம். உங்கள் இரண்டாம் கட்சி அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவரை முதலாளி என்று ஒதுக்கியிருக்கும். அவரும் சுப்பிரமணிய சிவாவும்தான் 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காகப் பேசினார்கள். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை. சில நாளிலேயே ஆலை இறங்கி வந்தது. மார்ச் 12-ல் அவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் நம் திருநெல்வேலியே எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வார விடுமுறை கேட்பது சீர்திருத்தமா இல்லையா என்று யாரும் முதலில் தீர்ப்பு எழுதிவிட்டு வீதிக்கு வரவில்லை.

1999 ஜூலை 23-ஐப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம், போலீஸ் தடியடி, தாமிரபரணிக் கரை, பதினேழு உயிர். கொக்கிரகுளம் பாலத்தில் போகும்போதெல்லாம் இன்னமும் ஆற்றைப் பார்க்காமல்தான் போகிறேன்.

சரி. தலைப்புக்கு வருவோம். சோசலிசம் என்று போடுவதோ விடுவதோ உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் தலைப்பை விட்டுவிடுங்கள், எட்டாவதை முதலாவதாகப் போடுங்கள். இல்லை, தலைப்பும் வேண்டும் என்றால் ஒரு வரி கூடும், எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் அடக்கித் தருகிறேன். ஆனால் போனில் சொல்லாதீர்கள். மூன்று கட்சியிலிருந்தும் ஆளுக்கு ஒருவராகச் சேர்ந்து வந்து, புரூஃப் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்று உங்கள் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது.

நாளைக் காலை எட்டரைக்குக் கடை திறப்பேன். பேப்பர் காசு மட்டும் போதும். போன மாதப் பாக்கி நூற்று நாற்பதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி
பாளையங்கோட்டை