புதிய முகவரியிலிருந்து

அன்புள்ள தோழிக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தின் தலைப்பில் உள்ள முகவரி உனக்குப் புதிதாக இருக்கும். என் பெயருக்கு எதிரே அடித்து அடித்து எழுதிய முகவரிகளால் உன் குறிப்பேட்டில் ஒரு பக்கமே நிறைந்துவிட்டது என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். இனி அந்த வேலை உனக்கு இல்லை. சென்ற மாதம் நாங்கள் எங்கள் சொந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம்.

"தன்னார்வலர்கள் கட்டித் தருகிறார்கள் என்றால் வீடு இலவசம்தானே?" என்று கேட்டிருந்தாய். செய்தியை அறிந்த ஏறக்குறைய எல்லாருமே முதலில் இதைத்தான் கேட்டார்கள். உனக்காவது இதை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

இலவசம் இல்லை. ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பின் வழியாக இந்த வீட்டை நாங்கள் விலைக்கு வாங்கியிருக்கிறோம். அதற்கான அடமானக் கடனை எங்கள் இளையவள் வளர்ந்து தன் காலில் நிற்கும் வயது வரையில் மாதந்தோறும் கட்டி வருவோம். அமைப்பு இலாபம் வைப்பதில்லை, கட்டும் கைகளில் பெரும்பாலானவை கூலி வாங்குவதில்லை. அதனால்தான் விலை எங்களுக்கு எட்டும் தொலைவுக்கு இறங்கியது. தவணை எங்கள் வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டாதபடி கணக்கிட்டார்கள். நேற்று வரை வாடகையாகக் கொடுத்தது அதைவிட அதிகம் என்பதை உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

விண்ணப்பித்தபோது மூன்று செய்திகளைப் பார்த்தார்கள்: இப்போதைய இருப்பிடம் எந்த அளவுக்கு நெருக்கடியானது, தவணையை ஒழுங்காகக் கட்ட இயலுமா, கட்டுமானத்தில் கூட நின்று உழைக்கச் சம்மதமா. முதல் இரண்டுக்கும் காகிதங்கள் காட்ட வேண்டியிருந்தது. சம்பளச் சீட்டுகளையும் பழைய கடன் கணக்குகளையும் மேசை மேல் பரப்பிய அன்று என் கணவர் வீடு திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவதற்கு மட்டும் இருவரும் ஒரே குரலில் பதில் சொன்னோம்.

எங்களுக்குக் குறித்த உழைப்பு 300 மணி நேரம். அதன் முதல் பகுதியை எங்கள் வீட்டில் அல்ல, எங்களுக்கு முன்னால் வரிசையில் இருந்த வேறொரு குடும்பத்தின் வீட்டில் செய்தோம். சுத்தியலைப் பிடிக்கவே அறியாதவளாகப் போனேன். முதல் நாள் அடித்த ஆணிகளில் பாதி வளைந்தன. என் தாயின் வயதுடைய ஒரு தன்னார்வலர் அருகில் வந்து, பிடியின் நுனியைப் பற்று, வீச்சின் கனத்தைச் சுத்தியலே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை ஒரு சட்டத்தை நகர்த்திக்கொண்டே இருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். மின்கம்பி, குழாய் வேலைகளை உரிமம் பெற்ற தொழிலாளர்கள் செய்தார்கள். வரவு செலவு, காப்பீடு, வீட்டுப் பராமரிப்பு பற்றிய வகுப்புகளில் உட்கார்ந்த நேரமும் எங்கள் கணக்கில் சேர்ந்தது.

எங்கள் வீட்டின் சுவர்ச் சட்டங்களை நிமிர்த்திய நாளை மறக்க மாட்டேன். தரையில் கிடத்தி அடித்து முடித்த மரச்சட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினோம். பலகை போட்டு மூடுவதற்கு முன் அந்தச் சட்டங்களில் வாழ்த்து எழுதுவது வழக்கமாம். முன்பின் அறியாதவர்கள் எழுதினார்கள். என் மகன் தன் அறைக்கு வரப்போகும் சட்டத்தில் தன் உயரத்தைக் கோடிட்டுத் தேதி எழுதினான். இப்போது அவையெல்லாம் சுவருக்குள் இருக்கின்றன. இரவில் விளக்கை அணைத்த பிறகு சில நேரம் எழுந்து அந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

இவ்வளவு உழைத்தும் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தங்கள் ஓய்வு நாளை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாமல் போகிறவர்களுக்கு எப்படிக் கைம்மாறு செய்வது? இந்தத் திட்டம் பிறந்த வரலாற்றைப் படித்தபோதுதான் மனம் தெளிந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக வாழ்வதற்காக 1942-இல் தொடங்கப்பட்ட கொய்னோனியா என்ற பண்ணையில், அதன் நிறுவனர்களில் ஒருவரான கிளாரன்ஸ் ஜோர்டனும் மில்லர்ட் ஃபுல்லரும் 1968-இல் 42 வீட்டு மனைகளைப் பிரித்தார்கள். இலாபமும் வட்டியும் இல்லாமல் வீடு விற்பது, திரும்பி வரும் தவணைப் பணத்தை ஒரு பொது நிதியில் சேர்த்து அடுத்த வீட்டைக் கட்டுவது என்பது அவர்கள் திட்டம். முதல் வீடு முடிவதற்குள் ஜோர்டன் இறந்துவிட்டார். மில்லர்டும் அவர் மனைவி லிண்டாவும் 1976-இல் அதே எண்ணத்தை ஹேபிடட் அமைப்பாக வளர்த்தார்கள். அப்படியென்றால் நான் மாதந்தோறும் கட்டும் தவணை, இன்னும் நான் பார்த்திராத ஒரு குடும்பத்தின் செங்கல்லுக்கும் மரத்துக்கும் போய்ச் சேர்கிறது. கைம்மாறு செய்யும் வழி அந்தக் கடனுக்குள்ளேயே இருக்கிறது, தோழி. இலவசமாகக் கொடுத்திருந்தால் அந்த வழி எனக்கு அடைபட்டிருக்கும்.

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் இந்தப் பணியில் ஈடுபட்டிருந்ததை நீ அறிந்திருப்பாய். 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் தையல் போட்ட பிறகும் நாஷ்வில் நகரில் வீடு கட்டும் பணிக்கு வந்து நின்றார். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன முகத்துடன் அவர் நிற்கும் அந்தப் படத்தை என் மகள் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். சுவரில் ஆணி அடித்தால் முன்பணத்தில் பிடிப்பேன் என்று வீட்டுக்காரர் சொன்ன வாடகை வீட்டில் வளர்ந்த குழந்தை அவள். இங்கும் முதலில், ஒட்டலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். எனக்குப் பதில் வரச் சற்று நேரமாயிற்று.

பாரங்களையும் மறைக்கக் கூடாது. குழாய் ஒழுகினால் சொல்வதற்கு இனி ஆள் இல்லை. வரியும் காப்பீடும் எங்களுடையவை. விற்க நேர்ந்தால் முதலில் அமைப்புக்கே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அடுத்த குடும்பத்துக்கும் இந்த விலை எட்ட வேண்டும் என்பதால் அந்த நிபந்தனை எனக்கு நியாயமாகவே படுகிறது.

எங்கள் 300 மணி நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் வருகிற சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டுக்குச் சுவர் நிமிர்த்துகிறார்கள். நானும் அவரும் போகிறோம். அந்த வீட்டுக்காரப் பெண் சுத்தியல் பிடித்ததே இல்லையாம். உன் விடுமுறை எப்போது என்று எழுது. உனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழி