தாத்தாவின் படுதாக்கள் மழைக்கு முன் மாடியேற வேண்டும்

நாடகக் கம்பெனி வீட்டு உறவினர்களுக்கும் அபிமானிகளுக்கும் வணக்கம்.

சைதாப்பேட்டை வீட்டை அக்டோபர் 15-ஆம் தேதிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். அதற்குள் தாத்தா விட்டுச்சென்ற 14 படுதாக்களும் (வண்ணம் தீட்டிய மேடைத் திரைகள்) 62 நாடகப் பிரதிகளும் வடபழனி மாடி அறைக்குப் போயாக வேண்டும். தேவை ரூ.6,80,000. சேர்ந்திருப்பது ரூ.4,15,000.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கி, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் நெட்டுருப் போடவைத்தார். அந்தப் பாய்ஸ் கம்பெனி மரபில் வந்தவர் தாத்தா. எட்டு வயதில் வீட்டைவிட்டுப் போய், ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம் கட்டி, குரல் உடைந்ததும் ராஜபார்ட் என்னும் கதாநாயக வேடத்துக்கு மாறி, பிறகு சொந்தக் கம்பெனி கண்டவர். வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை தியேட்டரில் அவர் பாடிய இரவுகளைப் பெரியவர்கள் பேசாமல் எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி கழிந்ததில்லை. அவருடைய பவளக்கொடி நாடகப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது: "கைதட்டினால் மறுபடி பாடு, தட்டாவிட்டால் மூச்சு விடாமல் வசனத்துக்குப் போ."

பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் தர்பார் படுதாவின் நிழலில் படுத்து வளர்ந்தவர்கள். 'ராஜபார்ட் வீட்டுப் பிள்ளை' என்று கடைக்காரர் கடலைமிட்டாய்க்குக் காசு வாங்கமாட்டார். அந்தப் பெயரை இத்தனை வருடம் அனுபவித்தோமே, அதற்குரிய கடனை யார் தீர்ப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது ஐந்து படுதாக்கள் போய்விட்டன. வஜ்ஜிரப் பசையில் குழைத்த வண்ணம் தண்ணீர் பட்டால் கரையும், மடித்து வைத்தால் உதிரும். தடித்த குழாயில் சுற்றித்தான் வைக்க வேண்டும். சுத்தம் செய்யவும் குழாய்களுக்கும் ரூ.3,20,000, பிரதிகளைப் படமெடுத்துப் பெட்டியிலிட ரூ.1,45,000, அறைக்கும் அலமாரிகளுக்கும் ரூ.2,15,000. பிரதிகளை லேமினேட் செய்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம், அது காகிதத்தைக் கொன்றுவிடும்.

இதுவரை கொடுத்தவர்களை நினைத்தால் கண் கலங்குகிறது. ஹார்மோனியக்காரர் குடும்பம் பேத்தியின் கல்யாணச் செலவுக்கு நடுவிலும் ரூ.50,000 கொடுத்தது. கம்பெனிக்கு உடை தைத்த அம்மா, முதியோர் பென்ஷனிலிருந்து மாதம் 200 ரூபாயைத் தாமே நேரில் கொண்டுவந்து தந்து, ஜரிகை ஜிப்பாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். ஆயுத பூஜையன்று முதல் ஆரத்தி அவர் கையால்தான்.

அந்த அம்மா கொடுக்கும்போது, சித்திரையில் பணம் தருவதாகச் சபையறியப் பெயர் எழுதிக்கொடுத்த பதினோரு குடும்பங்கள் இன்னும் மௌனமாக இருப்பது நியாயமா? அந்தத் தொகை மட்டுமே ரூ.1,30,000. முருகன் அருளால் குறை ஒன்றும் இல்லாதவர்கள்தான் அனைவரும்.

செப்டம்பர் 30-க்குள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பணம் இயலாதவர்கள் அக்டோபர் 5, ஞாயிறு காலை படுதா சுற்ற வாருங்கள். ஒரு படுதாவுக்கு ஆறு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
பாதுகாப்புக் குழுவினர், சென்னை