இடிந்ததை இடிந்தபடியே விட்டவர்களுக்கு

மினியாபொலிஸ் மில் சிட்டி அருங்காட்சியகத்தில் அன்று அப்பாவுக்கு உதவிய எல்லாருக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அப்பாவும் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

அப்பா முப்பது வருஷம் ஊரில் மாவு மில் நடத்தியவர். என்னைப் பார்க்க வந்த இடத்தில் மால், பூங்கா எதிலும் மனசு ஒட்டவில்லை. “மிசிசிப்பி கரையில் ஒரு பழைய மாவு மில் இருக்கிறது, வாங்கப்பா” என்றதும் உடனே சட்டையை மாற்றிக்கொண்டார். வாசலிலேயே முழங்கால் மக்கர் பண்ணியது. கேட்காமலே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவரே, முதல் நன்றி உங்களுக்கு. தள்ளுவண்டியில் போவதா என்று அப்பா முறைத்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எட்டு மாடிக்கு ஏறி இறங்கும் அந்தச் சரக்கு லிஃப்டில் மில்லில் வேலை பார்த்தவர்களின் குரல்கள் கேட்கின்றன. நான் காதோடு தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கதவு அடுத்த மாடியில் திறந்துவிடும். கடைசியில் “பாதிதான் புரிஞ்சுது” என்றார் அப்பா. எங்கள் முகத்தைப் பார்த்தே இன்னொரு முறை ஏற்றிக்கொண்ட லிஃப்டுக்காரருக்கு என்ன சொல்வது! இரண்டாம் சுற்றில் மொழிபெயர்க்கும் வேலையே இல்லை. பெல்ட்டையும் சல்லடையையும் பார்த்து அப்பாதான் எனக்கு விளக்கினார்.

1878 மே 2-ஆம் தேதி இந்த வாஷ்பர்ன் ஏ மில் வெடித்து 18 பேர் செத்ததைச் சொன்னபோது, காரணத்தை நான் சொல்லும் முன் அவரே சொன்னார்: “கல் காய்ஞ்சு ஓடியிருக்கும். பொறி பறந்திருக்கும். காத்துல மாவு இருந்தா அது வெடிமருந்துதான்.” அதேதான் நடந்தது. தானியம் இல்லாமல் கல்லோடு கல் உரசிய பொறி, காற்றில் நின்ற மாவுத் தூசியைப் பற்றிக்கொண்டது. பகல் ஷிப்ட் முடிந்திருந்ததால்தான் 18-ஓடு நின்றது. எங்கள் ஒற்றை அறை மில்லில் பீடியோடு வருபவர்களை அப்பா ஏன் அப்படித் திட்டி விரட்டுவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

1880-இல் தூசியை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாட்டோடு மில்லைத் திரும்பக் கட்டினார்கள். உச்சத்தில் ஒரு நாளைக்கு 1 கோடியே 20 லட்சம் ரொட்டிக்கான மாவு அரைத்ததாம். இந்தக் கணக்கை மட்டும் அப்பா நம்பவில்லை.

ரொட்டிக் கூடத்தில் இருந்த தங்கைக்கும் நன்றி. அப்பா மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்கக் கேட்டபோது நீ சிரிக்கவில்லை, கிண்ணத்தையே நீட்டினாய். தவிட்டை ஊதிப் பிரித்து நடு அரவையை எடுக்கும் இயந்திரத்தால்தான் இந்த ஊர் பணக்கார ஊரானது என்று நீ சொன்னாய். “ரவைன்னு சொல்லு” என்றார் அப்பா. அந்த வார்த்தையை நீ சரியாகவே உச்சரித்தாய்.

அப்புறம், நான் பார்க்காதவர்களுக்கு. 1965-இல் மூடி, காலியாகக் கிடந்த மில்லில் 1991 பிப்ரவரியில் தீப்பிடித்தபோது போராடிய தீயணைப்புக்காரர்களே, மிச்சச் சுவர்களை இடித்துத் தள்ளாமல் முட்டுக்கொடுத்து நிறுத்திய நகராட்சிக்காரர்களே, 2003-இல் அதற்குள்ளேயே அருங்காட்சியகம் திறந்த மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தாரே, கட்டடக் கலைஞர் தாமஸ் மேயரே! கூரையில்லாத முற்றம், வானம் தெரியும் ஜன்னல் ஓட்டைகள், கருகிய சுண்ணாம்புக்கல். பூசி மெழுகிப் புதுசாக்கியிருந்தால் அப்பா ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பியிருப்பார். அன்று அந்தச் சுவரடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்னோடுகூடப் பேசவில்லை.

ஊரில் எங்கள் மில் ஷெட்டைப் பிரிக்கும் வேலை போன வாரம் தொடங்கியது. கல் ஜோடியை மட்டும் விற்காமல் வாசல் வேப்பமரத்தடியில் போடச் சொல்லியிருக்கிறார் அப்பா. பொளிந்த வரி மேலே தெரிய வேண்டுமாம். கோலம் போட இடம் இல்லை என்று அம்மா தினமும் போனில் என்னைத்தான் திட்டுகிறாள். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நன்றியுடன்,
ஒரு மாவு மில்காரரின் மகள்