இட்டாஸ்கா பூங்காவில் அம்மாவுக்குத் துணையிருந்தவருக்கு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இட்டாஸ்கா பூங்காவுக்குப் போன இடத்தில் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதலில் ஓடி வந்த பூங்கா ஊழியர்கள், ஆம்புலன்ஸில் வந்தவர்கள், பார்க் ரேப்பிட்ஸ் மருத்துவமனையின் இரவுநேர நர்ஸுகள், மினியாபொலிஸிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காரோட்டி வந்த நண்பர்கள், தினமும் பத்தியச் சாப்பாடு கொடுத்தனுப்பிய தமிழ்ச் சங்கத்து அக்காக்கள், எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. பூங்காவில் தன்னார்வலராக இருக்கும் ஒரு பாட்டி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் ஆம்புலன்ஸின் பின்னால் கிளம்பியபோது அம்மாவும் என் மகளும் டக்ளஸ் லாட்ஜ் வாசலில் நின்றார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. மகளுக்கு எட்டு வயது. நான் திரும்பி வரும்வரை அந்தப் பாட்டிதான் கூட இருந்தார். "கவலைப்படாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். இருவரையும் நடக்க வைத்து ஒவ்வொரு கட்டடமாகக் காட்டிக் கதை சொல்லியிருக்கிறார். நடுவில் என் மகள்தான் மொழிபெயர்ப்பாளர்.

அந்தக் கதைகளைத்தான் இப்போது அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். மிசிசிப்பி பிறக்கிற ஏரியைச் சுற்றியுள்ள பைன் காடு வெட்டுப்பட்டுப் போகாமலிருக்க, 1891-ல் மின்னசோட்டா சட்டமன்றம் இதைப் பூங்காவாக்கியது, அதுவும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில். "ஒத்த ஓட்டுல தப்பிச்ச காடு" என்பார் அம்மா. மரம் வெட்டும் கம்பெனிகள் அத்தோடு விட்டுவிடவில்லை. மரங்களை மிதக்கவிட அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள், கரையோர மரங்கள் மூழ்கின. 1903-ல் தன் அப்பா இறந்ததும் பூங்கா ஆணையர் பொறுப்புக்கு வந்த மேரி கிப்ஸ், துப்பாக்கி மிரட்டலையும் மீறி மதகைத் திறக்கச் சொல்லி நேரே போய் நின்றார். அவருக்கு அப்போது வயது 24. அம்மாவுக்கு மிகவும் பிடித்தது அவரைத்தான். இன்று ஆற்றின் தலைப்பக்கம் உள்ள மையத்துக்கு அவர் பெயர்தான்.

டக்ளஸ் லாட்ஜ் 1905-ல் கட்டியது. முழுமுழு மரங்களை அடுக்கிய சுவர், இன்றும் ஆள் தங்குகிறார்கள். பக்கத்தில் கல்லும் மரமுமாக ஃபாரஸ்ட் இன் என்ற கட்டடம். கீழே ஏரிப் பக்கம் ஓல்ட் டைமர்ஸ் கேபின், 1934-ல் சி.சி.சி. (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) இளைஞர்கள் கட்டியது. பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத பையன்களுக்காக அரசாங்கம் ஆரம்பித்த படை அது. ஒரு சுவருக்கு நாலே மரம்தான், ஒன்றின்மேல் ஒன்றாக. அவ்வளவு பருமன்! அம்மா ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாராம், கை எட்டவில்லையாம்.

அந்தப் பையன்களுக்கு மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலரைப் பெற்றோருக்கு நேராக அனுப்பிவிடுவார்கள். இதைக் கேட்டதும் அம்மா, மிலிட்டரியில் இருந்த தன் தம்பி மாசாமாசம் அனுப்பிய மணியார்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தபால்காரர் வரும் நாள், அந்தப் பணத்தில் போட்ட ஓட்டுக்கூரை, எல்லாம். பாட்டி அவசரப்படாமல் கேட்டாராம், நடுநடுவே கேள்வியும் கேட்டாராம். எனக்கு நெஞ்சில் நிற்பது இதுதான். கணவர் என்ன ஆனார் என்று தெரியாத நேரத்தில் என் அம்மா தன் தம்பியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றால், அதற்கு அந்தக் காதுதான் காரணம்.

மாநிலத்தின் மிகப் பழைய பூங்கா, தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இருக்கிறது என்று நாம் போர்டில் படித்துவிட்டு, கல்மேல் கால் வைத்து மிசிசிப்பியைத் தாண்டி, போட்டோ எடுத்து வந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் எத்தனை வீட்டுப் பையன்களின் உழைப்பு இருக்கிறது! அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், சரிதானே? மகளும் நானும் முடிவு செய்துவிட்டோம். அடுத்த வருஷம் பனி உருகியதும் அங்கே தன்னார்வலராகப் பெயர் கொடுக்கப் போகிறோம். தமிழ்ப் பெற்றோர் யாராவது கோடையில் வந்தால் கட்டடங்களை நாங்கள் சுற்றிக் காட்டுகிறோம்.

பாட்டி, இந்த மடலை மகள் இங்கிலீஷில் எழுதி உங்களுக்கு அனுப்புவாள். கூடவே முறுக்கு வரும். அப்புறம், அம்மாவுக்கு ஒரு கேள்வி பாக்கி: அவ்வளவு பெரிய மரங்களை எப்படி மேலே ஏற்றினார்கள்? அப்பாவும் அதையேதான் கேட்கிறார். டாக்டர் சரி என்றதும் இருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.