கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

ஆச்சி நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. கைபேசி இருக்கையில் கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். அதில் நம் பேச்சு ‘சாப்பிட்டாயா’, ‘சாப்பிட்டேன்’ என்பதற்கு மேல் போகாமல், நீ கட்டைவிரல் படத்தை அனுப்புவதும் நான் கைகூப்பும் படத்தை அனுப்புவதுமாக முடிந்துவிடுகிறது.

இரவில் நேரத்தோடு உறங்கு. விடுதிச் சாப்பாடு பிடிக்காவிட்டால் மோர் ஊற்றியாவது சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பின்னணியில் ஒற்றை வரி. நேரம் அதிகாலை 2.10. என் கைபேசியில் தேடினேன், இல்லை. 24 மணி நேரத்தில் அது தானே மறைந்துவிடும் என்பதை நான் அறிவேன். ஆனால் அவர்களிடம் இருக்கும்போதே என்னிடம் இல்லையென்றால், யார் பார்க்கக் கூடாது என்று குறிக்கும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்று அண்ணன்தான் விளக்கினான். அந்த வரியைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. நேரத்தோடு உறங்கு.

2020 ஜூனில் வகுப்புகளெல்லாம் கைபேசிக்கு வந்தபோது, கம்மலை அடகு வைத்து உனக்குக் கைபேசி வாங்கித் தந்தது நான். இன்ஸ்டாகிராமுக்கு 13 வயது நிறைய வேண்டும் என்றபோது, உனக்கு இரண்டு மாதம் குறைகிறதே என்று பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டதும் நான். எட்டாம் வகுப்பிலேயே மின்கட்டணத்தைக் கைபேசியில் கட்டிக் கொடுத்த பெண் என்று இன்றும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஊருக்கெல்லாம் காட்டுவதைப் பெற்றவனுக்கு மட்டும் மறைப்பது என்ன நியாயம் என்று இரண்டு நாள் மனம் பொருமியது.

பதினொன்றாம் வகுப்பில், நீ உறங்கிய ஓர் இரவு உன் கைபேசியைத் திறந்து படித்தேன். இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை. காலாண்டுத் தேர்வில் வேதியியல் போனதை அப்பாவிடம் சொன்னாயா என்று உன் தோழி கேட்டிருந்தாள். ‘சொன்னால் பத்து நிமிடத்தில் குடும்பக் குழுவுக்குப் போய்விடும்’ என்று நீ எழுதியிருந்தாய். நான் தேடியது வேறு, கிடைத்தது இது. படித்த பிறகாவது திருந்தினேனா? 2025 மே மாதம் உன் பிளஸ் டூ மதிப்பெண் குறுஞ்செய்தியாக என் எண்ணுக்கு வந்ததும், உன்னிடம் காட்டும் முன்பே குழுவில் போட்டேன். அதற்குப் பெரியம்மா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு நீ கதவைச் சாத்திக்கொண்டாய். நான் திண்ணையில் உட்கார்ந்து வாழ்த்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். என்ன கோபம் என்று அத்தை காலையிலேயே அழைத்துக் கேட்டாள். உன் பெயரை எடுக்கவில்லை.

பட்டியலிலிருந்து என்னை நீக்கச் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவுப் பேருந்தில் ஏறி ஞாயிறு காலை கோயம்புத்தூர் வருகிறேன். அம்மா பருப்புப்பொடி இடித்திருக்கிறாள். பேசத் தோன்றாவிட்டால் பொடியை வாங்கிக்கொள், விடுதி வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா